நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பேசிய பிரெஞ்சுக்காரரை ஓஸ்லோவில் பார்த்தேன்

சென்ற அக்டோபரில் ஐந்து நாள் ஓஸ்லோ போய் வந்தேன். நார்வே என்றதும் எல்லாரும் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்த்தீர்களா, மலைக்கு நடுவே படகில் போனீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. நான் போனது ஒரே ஒரு நாடகம் பார்க்க. அதுவும் பிரெஞ்சு நாடகம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, நார்வே மொழியும் தெரியாது. இதைக் கேட்ட என் மனைவி நேராக என் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

நான் டப்பிங் கலைஞன். சென்னை வளசரவாக்கத்தில் வீடு. வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது பிழைப்பு. படத்தில் என் முகம் வராது, டைட்டிலில் பெயரும் பெரும்பாலும் வராது. ஆனால் ஒரு காலத்தில் ஆட்டோவில் ஏறி "போரூர் சிக்னல் போப்பா" என்றால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். "சார், அந்த ஹார்பர் போலீஸ் சீரியல்ல..." என்று இழுப்பார். அந்த சீரியலில் போலீஸ் அதிகாரியாக வருபவர் பஸ்தியன் கொர்மெய் என்ற பிரெஞ்சு நடிகர். ஸ்டுடியோவில் நாங்கள் கார்மல் என்றுதான் சொல்வோம், ஸ்கிரிப்டிலும் அப்படித்தான் இருக்கும். அந்த சீரியலும் அதற்குப் பிறகு பதினொரு படங்களும் நான்தான் பேசினேன். அடிவயிற்றிலிருந்து எழும்பும் கட்டைக் குரல். போஸ்டரில் 'கர்ஜிக்கும் கார்மல்' என்றே போட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் குரல்நாணில் முடிச்சு என்று எனக்கு ஆபரேஷன் ஆயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை, அடிக்குரல்தான் திரும்பி வரவில்லை. இப்போது நான் பேசினால் பாதி குரல், பாதி காற்று. இந்த நேரம் பார்த்து கொர்மெய் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. அவருடைய கடைசிப் படமும் தமிழுக்கு வந்தது. ஸ்டுடியோவில், "ஒரு வாய்ஸ் டெஸ்ட் மட்டும் பாத்துடலாம் சார்" என்றார்கள். எனக்கு டெஸ்ட்! அவரோடு தொடங்கியவன் நான், அவரோடுதான் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அவருக்கும் எழுபத்து நான்கு வயது, அவர் குரலும் தேய்ந்துதானே இருக்கும். நேரில் கேட்டுவிட்டு வந்து ஸ்டுடியோவில் வாதாடலாம் என்பது என் திட்டம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். அவருடைய தம்பி சிவநேசன் ஓஸ்லோவில் டிராம் ஓட்டுகிறார். தம்பியின் மகள் மதுரா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஒரு நாடக அரங்கில் பகுதி நேர வேலை பார்க்கிறாள், பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் வேலை. அந்த அரங்குக்குத்தான் கொர்மெய் தன் கடைசி நாடகத்தோடு வருகிறார் என்று அக்கா சொன்னார். தங்குவதற்கும் தம்பி வீட்டில் இடம் இருக்கிறது என்றார். பிறகு நான் யோசிக்கவில்லை.

பயண விவரம். சென்னையிலிருந்து தோஹா வழியாக ஓஸ்லோ, போக வர 74,600 ரூபாய். விசாவுக்குச் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம், கைக்கு வர பத்தொன்பது நாள். வியாழக்கிழமை மதியம் 1.20க்கு இறங்கினேன். விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். விரைவு ரயில் ஒன்று இருக்கிறது, அதில் ஏறாதீர்கள். சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் போகிறது, நான்கு நிமிடம்தான் கூட ஆகும், கட்டணம் பாதி. நான் கொடுத்தது 129 குரோனர். ஒரு குரோனர் ஏறக்குறைய எட்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெருக்கிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள், சாப்பாடு இறங்காது.

ஓஸ்லோ மத்திய நிலையத்தில் முதல் குழப்பம். டிக்கெட்டைக் காட்டி உள்ளே போகக் கதவு எங்கே என்று கால் மணி நேரம் தேடினேன். கதவே கிடையாது. நேராக நடந்து போய் ரயிலில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். பரிசோதகர் வந்தால் காட்டினால் போதும், வராவிட்டால் இல்லை. உள்ளூர் ரயிலில் பன்னிரண்டு நிமிடத்தில் ஹொல்ம்லியா. மலைச்சரிவில் அடுக்கு வீடுகள், சோமாலி, பாகிஸ்தானி, தமிழ் என்று எல்லா முகமும். நிலையத்தில் சிவநேசன் அண்ணன் காத்திருந்தார். என்னை விட நான்கைந்து வயது மூத்தவர். என் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது சென்னை ஏசிக்குத்தான் சரி, நாளைக்கு ஸ்ட்ரோம்மன் கடைவளாகம் போய் வேறு வாங்குவோம் என்றார்.

சிவநேசன் அண்ணன் நார்வேக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் ஆறு வருடம் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஏழெட்டுத் தமிழ்ப் பையன்கள் ஒரே விடுதியில், நடுவில் ஒரு டிவி. அங்கே வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிரெஞ்சு போலீஸ் சீரியல் போடுவார்களாம், கீழே ஓடும் நார்வே மொழி எழுத்துகளைப் படித்துப் படித்தே அண்ணன் மொழி கற்றுக்கொண்டாராம். எந்த சீரியல் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் சென்னையில் குரல் கொடுக்கத் தொடங்கும் முன்பே இவர் அங்கே அதே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே, புட்டும் மீன் குழம்பும். அண்ணனின் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை, அதனால் அண்ணன்தான் சமையல். சாப்பிட்டு முடித்ததும், எங்கே, அவர் மாதிரி ஒருக்கால் கதையுங்கோ பார்ப்பம் என்றார். தொண்டையைச் செருமி, இருக்கிற சக்தி எல்லாம் திரட்டி, சீரியலில் ஊரே அறிந்த வசனத்தைப் பேசினேன். "கதவைச் சாத்து. மழை உள்ளே வருது."

தட்டுகளை எடுக்கப் போன அண்ணன் திரும்பினார். "அது ஆரின்ரை குரல், தம்பி?"

மூக்குடைந்து போயிற்று. கொர்மெய்தான் என்றேன். "இல்லையே. அவர் இப்பிடிக் கதைக்கிறேல்லை" என்றார், பாவம், மெதுவாகத்தான் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் சரியில்லை, அதனால்தான் என்று சமாளித்தேன். மனதுக்குள், நம்ம தமிழே இவருக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது, குரலை எங்கே கண்டுபிடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் "ஓம்" என்பதும் நான் "ஆமாங்க" என்பதுமாக அன்று முழுக்க ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் உறுத்தியது. கட்டிலில் படுத்துக்கொண்டு போர்வைக்குள் இன்னும் நான்கு முறை கதவைச் சாத்தச் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ட்ரோம்மனில் ஜாக்கெட் வாங்கியதோடு போயிற்று. ஹொல்ம்லியாவிலிருந்து காரில் முப்பது நிமிடம். ஜாக்கெட் 799 குரோனர், உள்ளே துணி வைத்தது. பெரிய கடைவளாகம், வழி தெரியாமல் ஒரே செருப்புக் கடையை மூன்று முறை கடந்தேன்.

சனிக்கிழமை நாடகம் மதியம் மூன்று மணிக்கு. 1.32 ரயிலில் நானும் மதுராவும் கிளம்பினோம். அண்ணனுக்கு அன்று டிராம் முறை. மதுரா இங்கேயே பிறந்தவள், பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்துவிட்டு ஒரு வருடம் பிரான்ஸிலும் இருந்திருக்கிறாள். நாடகத்தின் கையேடு கொண்டு வந்திருந்தாள். நார்வே மொழியில் இருந்ததை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மனிதரின் வாழ்க்கையை இருபத்திரண்டு வருடம் கழித்து முதன்முறையாகக் கேட்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கொர்மெய் வட பிரான்ஸில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா பாரந்தூக்கி இயக்குபவர். சின்ன வயதில் திக்குவாய். பத்தொன்பது வயதில் ஊர் நாடகக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தது நடிப்பதற்கு அல்ல, மேடைக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து நடிகர்கள் மறந்த வசனத்தைக் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பதற்கு. எட்டு வருடம் அந்தப் பெட்டி. ஒருநாள் ஒரு நடிகருக்குக் காய்ச்சல், எல்லா வசனமும் தெரிந்த ஆள் இவர்தான் என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாற்பது வயது வரை மேடைதான், சின்னச் சின்ன வேடங்கள். பிறகு ஒரு படத்தில் சாட்சி சொல்லும் ஆளாக இரண்டே காட்சி, அதைப் பார்த்துத்தான் போலீஸ் சீரியலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அறுபதில் மறுபடி மேடைக்கே திரும்பினார். இதெல்லாம் சரி. அடுத்ததாக மதுரா படித்தாள்: பிரான்ஸிலேயே மிக மெல்லிய குரல் கொண்ட நடிகர். இவர் பேசினால் மூன்றாம் வரிசைக்குக் கேட்காது என்று மற்ற நடிகர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அதுவே இவர் பாணி ஆகிவிட்டது.

மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான். பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறுகிறது, 'கனத்த' என்பதற்கு 'மெல்லிய' என்கிறாள் என்று முடிவு செய்தேன். பாருங்கள், இரண்டு நாளில் இரண்டு பேர் சொல்லியும் தப்பு அவர்கள் மேல்தான் என்று எனக்கு.

அரங்கு நகர நடுவில், ரயிலடியிலிருந்து எட்டு நிமிட நடை. டிக்கெட் 420 குரோனர், நான்காவது வரிசை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை விளக்கு. காலியான அரங்கில் வசனம் எடுத்துக் கொடுக்கும் கிழவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனங்களை எல்லாம் சொல்லிப் பார்க்கிறார், அதுதான் நாடகம். மேடைக்கு மேலே நார்வே மொழியில் எழுத்துகள் ஓடின. கொர்மெய் வந்தார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, பக்கத்தில் யாரும் தட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், வாயைத் திறந்தார்.

அவர் குரல் வந்தது. சன்னமான குரல், பாதி காற்று. கர்ஜனையும் இல்லை, கட்டையும் இல்லை. மருத்துவர் என்னை இனிப் பேசிப் பழகச் சொன்ன குரல் மாதிரி இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று, தொண்டை சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஆனால் ஒரு விஷயம் என்னைத் தலைகீழாக்கியது. அவர் உதடு திறப்பதற்கு அரை நொடி முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே மூச்சு இழுப்பார், எங்கே வாக்கியத்தைப் பாதியில் விட்டுக் கீழே பார்ப்பார், கோபம் வந்தால் முதலில் இடது வாயோரம் எப்படி இறுகும், எல்லாம் தெரிந்தது. அந்த வாய் எனக்கு அத்துபடி. குரல்தான் யாருடையதோ. எண்பது நிமிடம் ஒரு வார்த்தை புரியாமல், ஒவ்வொரு மூச்சும் புரிந்து, திக்குமுக்காடி உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் நேராகக் கோட்டு மாட்டும் இடத்துக்குப் போய் மதுராவிடம் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. கூட்டம் குறைந்ததும் தன் போனில் அந்தப் பழைய சீரியலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருடத்துக்கு முந்திய கொர்மெய், கறுத்த தலைமுடி, மழை, கதவு. குரல் அதே சன்னக் குரல்.

"இஞ்சை ஒண்டையும் டப் பண்ண மாட்டினம், மாமா. சின்னப் பிள்ளையளின்ரை படம் மட்டும்தான். மற்றதெல்லாம் உன்னர்தெக்ஸ்ட்" என்றாள். கீழே ஓடும் எழுத்துக்கு அவர்கள் சொல்வது அது. "அப்பா முப்பது வருசமாய் இந்தக் குரலைத்தான் கேட்டவர்."

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வெளிநாட்டுப் படம் எதுவானாலும் எங்களுக்கு வருவது ஆங்கிலத்தில்தான். காதில் ஹெட்போனில் ஆங்கிலம் ஓடும், அதைக் கேட்டு, திரையில் வாயைப் பார்த்து, தமிழில் பேசுவோம். கொர்மெய் பிரெஞ்சுக்காரர் என்று தெரியும், ஆங்கிலத்தில் அவரே பேசிக் கொடுத்திருப்பார் என்று நம்பிவிட்டேன். ஊரார் வாய்க்கெல்லாம் குரல் கொடுத்து வீடு கட்டியவன் நான். அங்கேயும் என்னைப் போல ஒருத்தன் இருந்திருப்பான் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை, கேவலம்! யூடியூபில் ஒரு பேட்டிகூடவா பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன். அதில் அவர் பேசப் பேச மேலே ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

கொர்மெய் ஐந்தே காலுக்கு முன்கூடத்துக்கு வந்தார். கையெழுத்து வாங்க பதினைந்து பேர் இருந்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது, மதுரா விடவில்லை. வரிசையில் கடைசியாக நின்றோம். மதுரா பிரெஞ்சில் நான் யார் என்று சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் தமிழில் நான் எப்படிப் பேசுகிறேன், காட்டுங்கள் என்றார். கதவைச் சாத்தச் சொன்னேன், பழைய கட்டைக் குரலில். பாதியில் உடைந்து இருமல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இருமல் அடங்கியதும் அதே வசனத்தை இப்போதைய குரலில் சொன்னேன், வேறு குரல் என்னிடம் இல்லை.

அவர் மதுராவிடம் நிறையப் பேசினார். அந்த முதல் குரல் லண்டனில் யாரோ ஒருவருடையது, அவரைத் தனக்கும் தெரியாது, பெயர் எங்கும் போடவில்லை, இறந்துவிட்டதாகக் கேள்வி என்றாராம். அந்தக் குரலைத் தேடிக்கொண்டு உலகத்தில் பல ஊர்களில் ஆட்கள் வருவார்களாம், இவர் வாயைத் திறந்ததும் முகம் தொங்கிப்போகுமாம். உங்கள் முகமும் நான்காவது வரிசையில் அப்படித்தான் இருந்தது என்றாராம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டாவதாகப் பேசிய குரல் எப்படி வந்தது என்று கேட்டார். ஆபரேஷன் கதையைச் சொன்னேன், மதுரா மொழிபெயர்த்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இந்தக் குரல் எனக்குப் பிறந்ததிலயிருந்து இருக்கு, உங்களுக்கு இப்பதான் கிடைச்சிருக்கு எண்டு சொல்றார், மாமா."

வாழ்த்தா, கிண்டலா? மதுராவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. திரும்பும் ரயிலில் நான் நினைத்தது கொர்மெய்யை அல்ல. பெயர் தெரியாத அந்த லண்டன்காரரை. இருபத்திரண்டு வருடம் என் காதுக்குள் இருந்தவர் அவர்தான். அவர் கோபம், அவர் தயக்கம், அவர் சிரிப்பு. நான் உண்மையில் பழகிய ஆள் செத்துப்போயிருக்கிறார், நான் வேறொருவரிடம் கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறேன். மனசு ஆறவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் நடுவில் காலை எட்டுக்குத்தான் விடிகிறது, மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, வெளியே சுற்றுவதைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செயலியை ஊரில் இருக்கும்போதே போனில் ஏற்றி அட்டையைச் சேர்த்துவிடுங்கள், அங்கே போய் ஓடிபி வரவில்லை என்று நின்றவன் நான். அரங்குகளில் கோட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள், உள்ளே நல்ல சட்டையாகப் போடுங்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அங்கே இருக்கும் நம் ஆட்கள் ஏதாவது சொன்னால், தமிழ் வேறாக இருக்கிறதே என்று தள்ளிவிடாமல் காது கொடுங்கள். சிவநேசன் அண்ணன் வியாழக்கிழமையே சொன்னார்.

கடைசிப் படம் என்ன ஆயிற்று என்று நண்பர்கள் கேட்கிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வந்த ஒன்பதாம் நாள் டெஸ்ட். ஹெட்போனில் பிரெஞ்சு டிராக் போடுங்கள் என்றேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம், வரவழைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்தது. அந்த சன்னக் குரல் காதுக்குள் ஓட, நான் என் சன்னக் குரலில் தமிழ் பேசினேன். வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக எந்த ஆளையும் நான் பேசியதில்லை. மூச்சும் சரி, குரலும் சரி, அச்சாக உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் மைக் பொத்தானை அழுத்தினார். "ரொம்ப நல்லா பண்றீங்க சார். ஆனா இது கார்மல் இல்லையே."

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அது சரிதான் சார், ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்ச கார்மல் நீங்க பேசின கார்மல்தானே என்றார். எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

படத்தை பாஸ்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாக என் கூடவே காமெடி வேடங்கள் பேசி வருபவர், நல்ல மனிதர், நன்றாகக் கட்டைக் குரல் பிடிப்பார். அன்று மாலையே போன் செய்தார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். ஒரே ஒரு காரியம் பண்ணு, அவருடைய பிரெஞ்சு டிராக்கை ஒருதரம் கேட்டுவிட்டு மைக்குக்குப் போ என்றேன்.

"அது எதுக்குண்ணே? உங்க பதினோரு படத்தையும் போட்டுக் கேட்டுட்டிருக்கேன். எனக்கு உங்க குரல் போதும்."

சரிப்பா, நல்லா பண்ணு என்று போனை வைத்தேன். அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று மனைவி கேட்டாள். லண்டனில் ஒருத்தர் இறந்துபோய்விட்டார் என்றேன்.